ஒன்பது நொடி

மன்னவனூர்ச் சரிவில் பதினாறு ஓடை.
எட்டின் தலைமாட்டில் சீகை மரங்களை வெட்டினார்கள்,
எட்டை அப்படியே விட்டார்கள்.
எந்த எட்டு என்று சீட்டுக் குலுக்கி எடுத்தவள் நான்.

இரண்டு கோடை
பத்து லிட்டர் வாளியோடு நடந்தார் சடைமாயன்.
வாளி நிரம்ப எத்தனை நொடி,
அவ்வளவுதான் கேள்வி.
வெட்டிய பக்கம் சராசரி முப்பத்தெட்டு.
வெட்டாத பக்கம் நாற்பத்தேழு.

ஒன்பது நொடி.
சீகை குடித்ததா அதை,
இல்லை, ஓடைகள் பிறந்ததே அப்படியா?

அன்று கரண்ட் இல்லை.
மூடுபனி ஜன்னலேறி வந்து
லேப்டாப் மேல் உட்கார்ந்திருந்தது.
பதினாறு அட்டையில் பதினாறு எண் எழுதி
பூண்டுக் கூடையில் போட்டேன்.
மரம் ஒன்றுமே செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம், அண்ணே.
அப்படியானால் வெட்டியது, வெட்டாதது எல்லாம்
நாம் ஒட்டிய பெயர்.
தண்ணீருக்குத் தெரியாது.
குலுக்குங்கள்.

எட்டு இந்தப் பக்கம், எட்டு அந்தப் பக்கம்.
கூட்டி, வகுத்து, கழித்து
இரண்டு நொடி.
மறுபடி கூடைக்குள்.
அரை நொடி. எதிர்ப்பக்கம் மூன்று. நாலு.
இருட்டும் வரை நூறு குலுக்கல்.
அதில் பதினோரு தடவை
வெறும் கையே தந்துவிட்டது
அந்த ஒன்பதை, அல்லது அதற்கும் மேலே.
விரலெல்லாம் பூண்டு வாசம்.

"அப்ப மிச்சம் எண்பத்தொம்போது பங்கு
மரம் குடிச்சது நிசம்னு ஆச்சா?"

ஆகவில்லை.
சொல்லும்போதே எனக்கும் நாக்குத் தடுக்கியது.
இந்தப் பதினொன்று மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை.
மரம் குற்றமற்றது என்று முடிவுகட்டிய ஓர் உலகில்
இப்படியொரு கணக்கு எத்தனை அரிது என்று மட்டும் சொல்கிறது.
நாம் நிற்பது அந்த உலகிலா?
அதைக் கேட்டால் அதற்கு வாயில்லை.

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.
"தெரியலைன்னு சொல்றதுக்கா இம்புட்டு எண்ணுனோம்?"

ஆமாம்.
எவ்வளவு தெரியவில்லை என்று சொல்வதற்கு.

ரேஞ்சர் ஜெபசிங் கொடைக்கானலிலிருந்து கூப்பிட்டார்.
அஞ்சுக்குக் கீழே வந்துச்சா?
பதினொன்று சார்.
அப்ப வித்தியாசம் இல்லைன்னு போட்டுருங்க,
வெள்ளிக்கிழமை திண்டுக்கல் போகணும்.

ஐந்து.
யாரோ எப்போதோ வைத்த சோதனைச்சாவடி.
நாலே முக்காலுக்குக் கம்பு உயரும்,
ஐந்தேகாலுக்கு இறங்கும்.
இரண்டு பக்கமும் அதே ரோடு, அதே குழி.

கல்லூரிப் புத்தகத்தில் அதற்கு இன்மை எடுகோள் என்று பேர்.
மறுக்க முடிந்தது என்று எழுதலாம்,
மறுக்க முடியவில்லை என்று எழுதலாம்.
மெய் என்று எழுத அங்கே கட்டமே கிடையாது.

நம்மிடம் இல்லை என்று ஒரு சொல் இருக்கிறது.
காணோம் என்று இன்னொன்று.
போன வாரம் பனியில் சடைமாயனின் செவலைப் பசு காணோம்.
ஊரில் ஒருவரும்
அவருக்குப் பசுவே இல்லை என்று சொல்லவில்லை.
டார்ச் பத்தலை என்றுதான் சொன்னார்கள்.
பதினாறு ஓடை
ரொம்பச் சின்ன டார்ச்.

இப்படி அடித்தேன்:
சீகை இருபத்துநான்கு நொடி வரை குடித்திருக்கலாம்.
ஆறு நொடி தந்தும் இருக்கலாம்.
எங்கள் எண்கள் இரண்டோடும் ஒத்துப்போகின்றன.
தெளிவான வித்தியாசம் காணோம்.
இன்னும் ஓடைகள் வேண்டும்.

திண்டுக்கல் போய்த் திரும்பி வந்த நகலில்
ஐந்து வரியும் ஒரு வரி ஆகியிருந்தது.
அதில் கடைசிச் சொல், இல்லை.

திங்கட்கிழமை சடைமாயன் போன்.
முதலில் தண்ணீர் இரைச்சல்,
அப்புறம் மூச்சு, அப்புறம் அவர்.
"ஏழாம் ஓடை. முப்பத்தொண்ணு."
யாரும் கேட்காத நோட்டில் எழுதிக்கொண்டேன்.
பசு? என்றேன்.
"இன்னும் காணோம்."